ஒரு விரல் காற்று

யாழினிக்கும் கவினுக்கும்,

போன வாரம் நாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தினேஷ் போன் செய்தது நினைவிருக்கும். நான் ஓய்வு பெற்ற பிறகு மையத்தில் என் வேலையைப் பார்ப்பவர். கை எச்சிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். "அண்ணே, புது ஏர் குஷன் வந்திருக்குண்ணே. பட்டனை அமுக்குனா போதும், காத்து சரியா இருந்தா பச்சை லைட்டு எரியுது. இனிமே கைய விட்டுப் பாக்குற வேலையே இல்ல" என்றார்.

கவின் சிரித்தான். "அப்போ இருபது வருஷமா நீங்க பாத்த வேலைய ஒரு லைட்டு பாத்துடுமாப்பா?" யாழினி அவன் தொடையில் கிள்ளினாள். நானும் சிரித்துவிட்டேன். எனக்குப் பேசிப் புரியவைக்கத் தெரியாது. எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன். பத்தாவதில் கணக்கில் தோற்றவன் எழுதுவது. பிழை இருந்தால் யாழினி திருத்திக்கொள்.

பெரம்பலூரில் நான் பஞ்சர் கடை வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து மருத்துவ வேலைக்கு எப்படிப் போனேன் என்பதை நீங்கள் கேட்டதில்லை. ஒரு நாள் மதியம் ஓர் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கி, கறுப்பாக ஒரு ரப்பர் சாமானை என் முன்னால் வைத்தார். அட்டையில் முட்டைகளை அடுக்கினாற்போல வரிசை வரிசையாக ரப்பர் குமிழ்கள், மூலையில் ஒரு திருகு. "இது காத்து நிரப்பி உக்கார்ற சீட்டு. எங்கயோ ஓட்டை. ஒட்ட முடியுமா?" என்றார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர்.

தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு குமிழின் அடியிலிருந்து முத்து முத்தாகக் காற்று வந்தது. துடைத்து, தேய்த்து, ஒட்டி, பம்பை வைத்து நன்றாக அடித்தேன். குமிழ்கள் எல்லாம் விறைத்து நின்றன. தட்டிக் காட்டினேன். கிண்ணென்று இருந்தது. எனக்குப் பெருமை.

அவர் திருகைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று போயிற்று. பாதிக்கும் மேல் போனபின் மூடினார். சாமான் தொளதொளவென்று ஆகிவிட்டது. என் வேலையைக் கீழே கொட்டினாற்போல இருந்தது எனக்கு.

"என்னங்க மேடம், காத்த இப்படி விட்டுட்டீங்க?"

"அவ்ளோ காத்து இருந்தா அது பலகைங்க. உங்க பேர் என்ன?"

"சேகர்."

"சேகர், அந்த ஸ்டூல்ல கொஞ்சம் உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவர் நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "பதினாலு தடவை அசைஞ்சீங்க. உங்களுக்கே தெரியாது. உங்க உடம்பு சொல்லுச்சு, நீங்க அசைஞ்சீங்க. முதுகுத்தண்டுல அடிபட்டவங்களுக்கு இடுப்புக்குக் கீழ உடம்பு எதையும் சொல்லாது. எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவுல சதை நசுங்கிக்கிட்டே இருக்கும். ரத்தம் போகாது. ரெண்டு மணி நேரத்துல உள்ள செத்துப்போக ஆரம்பிச்சிடும். மேல ஒண்ணும் தெரியாது."

அவர்தான் ஜெயந்தி மேடம். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான ஒரு சின்ன மையத்தில் அவர் சிகிச்சை வேலை பார்த்தார். அடுத்த மாதமே என்னை அங்கே சேர்த்துக்கொண்டார். முதலில் சக்கர நாற்காலி ரிப்பேர், பிறகு குஷன் பொருத்துவது, பிறகு பெரம்பலூர், அரியலூர் ஊர்களுக்கு வீடு வீடாகப் போய்ப் பார்த்துவருவது. கற்றுக்கொள்ள மூன்று வருடம் ஆனது. அதில் பாதி, பஞ்சர் கடையில் கற்றதை மறப்பதற்கு.

வேலை என்னவென்று சொல்கிறேன். குஷனை நாற்காலியில் வைத்து, முதலில் கொஞ்சம் கூடுதலாகவே காற்று நிரப்ப வேண்டும். ஆளை உட்கார வைத்து, பாதங்களை மிதியில் ஒழுங்காக வைக்க வேண்டும். அப்புறம் உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, கையை குஷனுக்கும் ஆளுக்கும் நடுவில் செலுத்த வேண்டும். உட்காரும் எலும்பு கொட்டைப்பாக்கு போலக் கையில் தட்டுப்படும். இரண்டு பக்கமும் பார்த்து, எது தாழ்ந்திருக்கிறதோ அதற்குக் கீழே விரலை நிறுத்திக்கொண்டு, இன்னொரு கையால் திருகை மெல்லத் திறக்க வேண்டும். காற்று இறங்க இறங்க ஆள் உள்ளே அமிழ்வார். எலும்புக்கும் அடித்தளத்துக்கும் நடுவில் ஒரு விரல் கனத்துக்குக் காற்று இருக்கும்போது மூட வேண்டும். அதற்குக் குறைந்தால் எலும்பு தரை தட்டும். கூடினால் ஆள் அமிழாமல் மேலேயே நிற்பார், பாரமெல்லாம் அந்த இரண்டு எலும்பில் இறங்கும்.

மேடத்திடம் சில பழக்கங்கள் உண்டு. திங்கள்கிழமை காலையில் எங்கள் நகங்களைப் பார்ப்பார். மோதிரம் கூடாது. உங்கள் அம்மாயி வீட்டில் எனக்குப் போட்ட மோதிரம் ஏன் பீரோவிலேயே இருக்கிறது என்று கேட்பீர்களே, அதனால்தான். கை வைப்பதற்கு முன் இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். "உணர்ச்சி இல்லாதவங்களுக்கு எதுக்கு மேடம்?" என்று ஒரு முறை கேட்டேன். "பாத்துக்கிட்டுத்தானே இருக்காங்க" என்றார். யாரையும் அதட்டிப் பேசமாட்டார். தப்பு நடந்தால் பெயரைச் சொல்லி நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். இன்னொன்று, "நல்லா இருக்கா?" என்று நோயாளியைக் கேட்கவிடமாட்டார். "அவங்களுக்கே தெரியாததைக் கேக்காதீங்க. பாருங்க" என்பார்.

பெண்களுக்கு மேடமே கை வைத்துப் பார்ப்பார். நான் திரும்பி நின்றுகொள்வேன். அது எழுதாத சட்டம் போல நடந்துவந்தது.

இப்போது அமுதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செந்துறைக்கு அந்தப் பக்கம் முந்திரிக்காடு சூழ்ந்த ஓர் ஊர். மொட்டை மாடியில் முந்திரிக்கொட்டையைக் காயப்போட்டு, காலால் துழாவிக்கொண்டே பின்னால் நகர்ந்திருக்கிறாள். கைப்பிடிச் சுவர் கட்டாத மாடி. விழுந்தபோது அவளுக்கு முப்பது வயதுகூட இல்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கணவர் பழனிவேல், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் அவருடைய அம்மாவும் இருந்தார்.

அமுதா விழுவதற்கு முன்பே தையல் கற்றவள். காலால் மிதிக்கும் மெஷினில் மோட்டார் மாட்டி, முழங்கையால் அழுத்தினால் ஓடும்படி சுவிட்சை மாற்றிக் கொடுத்தோம். குஷன் வந்த அன்று மேடமும் நானும் போனோம். மேடம் காற்றைச் சரிசெய்து, கை வைத்துப் பார்க்கும் முறையை மாமியாருக்குச் செய்து காட்டினார். "தினமும் காலைல பாருங்கம்மா. இந்தத் திருகை மட்டும் தொடாதீங்க" என்றார். பழனிவேல் அன்று லோடு ஏற்றப் போயிருந்தார். அவருக்கும் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அதுவரை அரை மணி நேரம்கூட உட்கார முடியாமல் சாய்ந்து கிடந்த அமுதா, நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டை முடித்துவிட்டுத்தான் எங்களை அனுப்பினாள். "இனிமே இந்த வூட்டுல நான் கெடக்குற ஆளு இல்ல சார்" என்றாள்.

ஒரு மாதம் கழித்து மறுபார்வை. மேடத்தின் அம்மாவுக்குத் திருச்சியில் ஆபரேஷன். நான் தனியாகப் போனேன்.

அமுதா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அளவு கொடுக்க வந்த இரண்டு பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வீடே கலகலவென்று இருந்தது. நான் குனிந்து குஷனின் முன்பக்கத்தைத் தொட்டேன். விறைப்பாக இருந்தது. பஞ்சர் கடைக்காரனின் விரலுக்கு அது தெரியாமல் போகுமா? தெரிந்தது.

"கை விட்டுப் பாக்குறீங்களாம்மா?" என்று மாமியாரைக் கேட்டேன்.

"காலையிலதானே பாத்தேன். வெரலு தாராளமா போவுது."

"நல்லா இருக்காம்மா?" என்று அமுதாவைக் கேட்டேன். கேட்கக் கூடாது என்று படித்ததை அன்று கேட்டேன்.

"சூப்பரா இருக்கு சார். காலைலேந்து எந்திரிக்கவே இல்ல!" என்றாள். பாயில் இருந்தவர்களில் ஒருத்தி, "இவ எங்க எந்திரிக்கப் போறா?" என்றாள். அமுதாதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

நான் ஒரு தடவை பார்க்கட்டுமா என்ற கேள்வி நாக்கு வரை வந்தது. பாயில் இரண்டு பெண்கள், வாசலில் மாமியார். ஒரு ஆம்பளை எப்படிக் கேட்பது? மேடத்துக்குப் போன் போட்டிருக்கலாம். எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, மாமியாரை என் கண் முன்னால் பார்க்கச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. படிவத்தில் 'கை வைத்துப் பார்த்தது: ஆம் / இல்லை' என்று ஒரு கட்டம் உண்டு. 'ஆம்' என்பதில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். கொடுத்த மோரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

பதினோராம் நாள் போன் வந்தது. துணி ஈரமாகிறது, வாடை வருகிறது என்றார்கள்.

மேடமும் நானும் போனோம். அவளைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். மேடம் என்னை வெளியே நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டார். வேலை தெரிந்தவன் பார்த்துத்தான் ஆக வேண்டும். இடது பக்க எலும்புக்கு நேராகப் புண், நடுவில் கறுப்பாக, உள்ளே பள்ளமாக இருந்தது. மேடம் ஒரு கைக்கண்ணாடியை அமுதாவிடம் கொடுத்து, இன்னொன்றைப் பின்னால் பிடித்தார். அமுதா பார்த்தாள். "இது என்னோடதா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போது பழனிவேல் வந்து சேர்ந்தார். பாதி வழியில் லாரியை ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். "எப்படி மேடம் ஆச்சு? நான்தான் டெய்லி காத்து அடிச்சேனே! வண்டிக்குப் போறதுக்கு முன்னாடி தட்டிப் பாப்பேன், லேசா கொறஞ்சிருந்தாலும் அடிச்சு டைட் பண்ணிட்டுத்தான் போவேன். ஒரு நாள்கூட கொறைய விடலியே!"

மேடத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பழனிவேல் மெல்ல நிறுத்தினார். நான் சுவரைப் பார்த்தேன். அங்கே நின்றது நான்தான். ஒட்டிய குஷனைக் கிண்ணென்று அடித்துத் தட்டிக் காட்டிய அதே ஆள். லாரிக்காரருக்குக் காற்று குறைவது உயிர் போகிற காரியம். பெண்டாட்டி மேல் வைத்திருந்த பாசத்தையெல்லாம் அந்தப் பம்பில் வைத்து அடித்திருக்கிறார்.

"அத்தாச்சி, நீங்க வெரல் விட்டுப் பாத்தீங்களா இல்லையா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் மாமியாரைக் கேட்டாள். கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "மருமவ இடுப்புக்குக் கீழ கைய விட எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. அவன்தான் காத்தப் பாத்துக்குறானே, அவனுக்குத் தெரியாததான்னு இருந்துட்டேன்."

மையத்து வண்டியில் திரும்பும்போது வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மேடம் மடியில் இருந்த படிவங்களைப் புரட்டினார்.

"சேகர்."

நான் முன்சீட்டில் இருந்தேன். திரும்பவில்லை.

"அன்னிக்கு கை வெச்சுப் பாத்தீங்களா?"

"இல்லங்க மேடம்."

வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பேனாவை நீட்டினார். "ஆம்ங்கறதைக் கோடு போட்டு அடிச்சிட்டு, பக்கத்துல நடந்ததை எழுதுங்க. இன்னிக்குத் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க. நானும் எழுதணும். கணவர்கிட்ட சொல்லாம வந்தது என் தப்பு." கொஞ்சம் பொறுத்து, "அமுதாகிட்டயும் சொல்லணும். உங்களுக்காக நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

மறுநாள் பெரம்பலூரிலிருந்து அரியலூர், அரியலூரிலிருந்து செந்துறை, அங்கிருந்து இன்னொரு பஸ். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பயணம் நான் போனதில்லை. மெஷினைப் பழைய புடவையால் மூடியிருந்தார்கள். அமுதா கட்டிலில் குப்புறக் கிடந்தாள். தரையில் உட்கார்ந்து, அன்று குஷன் விறைப்பாக இருந்தது எனக்குத் தெரிந்ததையும், கை வைக்காமலே 'ஆம்' போட்டதையும் சொன்னேன்.

அவள் தலையணை ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் பாக்கல?"

"பொம்பளப் பிள்ள. நாலு பேரு இருந்தாங்க. கூச்சமா இருந்துச்சும்மா."

"எனக்கு அங்க உணர்ச்சியே இல்ல சார். கூச்சம் உங்களுக்குத்தான இருந்துச்சு?" என்றாள். "எங்க மாமியாருக்குக் கூச்சம், உங்களுக்குக் கூச்சம். ஆளுக்கு ஆள் என் மானத்தக் காப்பாத்திட்டீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"போங்க சார். இன்னிக்கு உங்க மூஞ்சியப் பாக்க எனக்குப் பிடிக்கல. பாக்கவும் முடியாது, கவுந்துதான கெடக்குறேன்."

அந்தப் புண் எலும்பு வரை போயிருந்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் காய்ச்சல் இறங்கவே இல்லை. அவள் இல்லாமல் போய்விடுவாள் என்றே பழனிவேல் நினைத்தார். செத்த சதையை வெட்டி எடுத்து, பக்கத்துச் சதையை இழுத்து மூடினார்கள். ஐந்து மாதம் குப்புறப் படுக்கை. தீபாவளித் தையல் போயிற்று, பொங்கல் தையல் போயிற்று. குப்புறக் கிடந்தபடியே அவள் ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துக் கொடுத்தாள். நான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போனேன். முதல் இரண்டு முறை அவள் பேசவில்லை. மூன்றாம் முறை, "ஊசியில நூலக் கோத்துக் குடுங்க, சும்மாதான நிக்கிறீங்க" என்றாள்.

மறுபடி உட்கார வைக்கும் நாள் வந்தது. முதல் நாள் பதினைந்து நிமிடம்தான். மேடம் வந்திருந்தார். பழனிவேல் லீவு போட்டிருந்தார். அவளைத் தூக்கி குஷனில் உட்கார வைத்தோம். மேடம் வளையலைக் கழற்றப் போனார்.

"இருங்க மேடம்," என்றாள் அமுதா. "அண்ணன் பாக்கட்டும்."

அதுவரை என்னை சார் என்றுதான் கூப்பிடுவாள்.

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் மாமியாரைப் பார்த்தார். கிழவி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போகவில்லை. உள்ளே வந்து மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கையைக் கழுவித் துடைத்து, தேய்த்துச் சூடாக்கிக்கொண்டேன். "அமுதா, கை வைக்கிறேன்மா" என்று சொல்லிவிட்டுச் செலுத்தினேன். வலது பக்கம் எலும்பு தட்டுப்பட்டது. இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அங்கே விரலை நிறுத்தினேன். மேடம் திருகைத் திறந்தார். அவள் உள்ளே அமிழ அமிழ, அவளுடைய பாரம் முழுவதும் என் விரல் மேல் மெல்ல இறங்கியது. "போதும் மேடம்" என்றேன்.

"எவ்ளோ?" என்றார் மேடம்.

"ஒரு விரல்."

அமுதா தலையைத் திருப்பினாள். "ஏங்க, இங்க வாங்க. லாரி டயருன்னு நெனச்சீங்கள்ல? வந்து கைய விட்டுப் பாருங்க." பழனிவேல் வந்தார். கையை உள்ளே விட்டு அப்படியே வைத்திருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. "எலும்பு தெரியுது அமுதா" என்றார். "இவ்ளோ சின்ன எலும்பா?"

அதற்குப் பிறகு என் படிவங்களில் 'ஆம்' என்று வெறுமனே டிக் அடித்ததில்லை. யார் கை வைத்தது, எத்தனை விரல் என்று எழுதினேன். பெண்கள் வீட்டில் மேடம் இல்லையென்றால், வீட்டுப் பெண் ஒருவர் என் கண் முன்னால் பார்க்கும் வரை எழுந்ததில்லை. அதற்கும் கூச்சப்பட்டால் நானே பார்க்கட்டுமா என்று கேட்டேன். திட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு வீட்டில் செம்பை எறிந்தார்கள். காற்றடிக்கும் ஆண்பிள்ளை யார் என்று எந்த வீட்டிலும் கேட்காமல் திரும்பியதில்லை.

கவின், உன் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பச்சை விளக்கு நல்ல விளக்கு. அன்று அது இருந்திருந்தால் அமுதாவின் ஐந்து மாதம் போயிருக்காது. நான் பார்த்த வேலையை அது பார்க்கட்டும், எனக்கு வருத்தமில்லை. நான் பார்க்காமல் விட்ட வேலையைத்தான் உனக்கு எழுத நினைத்தேன்.

இதை எழுதும் முன், எழுதலாமா என்று கேட்க நேற்று அமுதாவுக்குப் போன் செய்தேன். "எழுதுங்கண்ணே. பேர மாத்திக்கூட எழுதாதீங்க" என்றாள். அவளுக்கும் விளக்கு வைத்த குஷன் வந்துவிட்டதாம்.

"எப்படிம்மா இருக்கு?"

"லைட்டு பச்சையா எரியுதுண்ணே. ஆனா இவரு விட மாட்டேங்குறாரு. வண்டிக்குப் போறதுக்கு முன்னாடி தெனம் கையக் கழுவிக்கிட்டு வந்து நிக்கிறாரு."

பின்னால் பழனிவேலின் குரல் கேட்டது. "கொஞ்ச நேரம் ஆடாம இரு." அப்புறம் கொஞ்சம் சத்தமாக, எனக்குச் சொன்னார்: "ஒரு வெரலு இருக்குண்ணே."